மச்சான் துப்பாக்கிக்கு ஸ்கோப் மாட்டியது

துப்பாக்கி மேல் மாட்டிக் குறி பார்ப்பதற்கு மச்சான் முதலில் வாங்கி வந்த ஸ்கோப் என் முழங்கை நீளம் இருந்தது. முன்பக்கக் கண்ணாடி டம்ளர் வாய் அகலம். பெட்டியைத் திறந்து அதை என் மேசையில் வைத்தார். பக்கத்தில் துப்பாக்கியையும் வைத்துவிட்டு, கல்யாண ஜோடியைப் பார்க்கிறவர் மாதிரி இரண்டடி பின்னால் போய் நின்றார்.

"எப்படிங்க மாப்ள, ஜம்முனு இருக்குதுங்களா?"

"இது வேண்டாமுங்க மச்சான்."

"ஏனுங்க, ஒரு வார்த்தை நல்லதா சொல்லிட்டு அப்புறமா ரிஜெக்ட் பண்ணலாமல்ல?"

"கண்ணாடி நல்ல கண்ணாடிதானுங்க."

சிரித்துவிட்டார். என்னிடமிருந்து அவ்வளவு பேச்சு வருவதே அவருக்கு அதிகம்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். கேட்டி என்ற ஊரில் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் பெரிய இன்ஜினியர். தங்கைக்காக அவர் போட்ட விசா விண்ணப்பம் பல வருடம் கிடந்து பிறகு வந்ததால்தான் நாங்கள் டெக்சாஸுக்கு வந்தோம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கோயம்புத்தூரில் பம்ப் செட் பட்டறையில் லேத் ஓட்டினேன். இங்கே ஃப்ரீவே ஓரம் இருக்கும் துப்பாக்கிக் கடையின் பின்னறையில் அவர்தான் எனக்கு வேலை பிடித்துக் கொடுத்தார். துப்பாக்கிகளுக்கு ஸ்கோப் மாட்டுவதும், தேய்ந்த ஸ்க்ரூவைக் கழற்றுவதும், ஸ்பிரிங் மாற்றுவதும் வேலை. முன்பக்கம் போய் யாரோடும் பேச வேண்டியதில்லை. முதலாளி ஒரு சீட்டில் எண்ணும் ஒரு படமும் போட்டு உள்ளே அனுப்புவார். எண் எந்த ஊரிலும் எண்தான். அந்த அறை எனக்குப் பிடித்திருந்தது.

இவ்வளவு செய்தவர் என்னை ஒரு நாளும் தனக்குக் கீழே வைத்துப் பேசியதில்லை. எங்கள் பக்கத்தில் தங்கை புருஷன் என்றால் மரியாதை தனி. அவர் வீட்டு விருந்தில் டாக்டர்களும் மேனேஜர்களும் உட்கார்ந்திருப்பார்கள். நான் சுவரோரம் நிற்பேன். அவர் எழுந்து வந்து, "மாப்ள, முதல்ல நீங்க சாப்பிடுங்க" என்று தட்டை என் கையில் கொடுப்பார். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்னும். ஆனால் அந்தத் தட்டு எனக்கு வேண்டியிருந்தது. அதை இப்போதுதான் எழுத முடிகிறது.

அவர் துப்பாக்கி லீவர் வகை. கைப்பிடிக்குக் கீழே இருக்கும் வளையத்தை முன்னால் தள்ளி இழுத்தால் காலிக் கூடு வெளியே குதித்து அடுத்த தோட்டா உள்ளே ஏறும். நாற்பத்தைந்து-எழுபது என்று அந்தத் தோட்டாவுக்குப் பெயர். என் நடுவிரல் கனம் இருக்கும். எடை குறைந்த துப்பாக்கியில் அதை முழு வெடிமருந்தோடு சுட்டால் உதை தோளிலிருந்து இடுப்பு வரை இறங்கும். மச்சானுக்கு வேண்டியது அந்த உதைதான். சுட்டுப் பழகும் ரேஞ்சில் சுட்டுவிட்டு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி வலது தோளைக் காட்டுவார். கத்திரிக்காய் நிறத்தில் உள்ளங்கை அளவுக்குக் கன்றியிருக்கும்.

"அண்ணா, மூடுங்க. பாக்கவே ஆகல," என்பாள் என் மனைவி.

"மெடல் அம்மணி இது. ஆபீஸ்ல நாள் பூரா உக்காந்து மெயில் அனுப்பறேன். எதுவும் திருப்பி அடிக்கறதில்ல. இது ஒண்ணுதான் அடிக்குது."

அறுபதை நெருங்கியதும் துப்பாக்கி நுனியில் இருக்கும் குறிமணி அவருக்கு இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. மணியைப் பார்த்தால் இலக்கு மங்குகிறது, இலக்கைப் பார்த்தால் மணி காணாமல் போகிறது என்றார். அதற்காகத்தான் ஸ்கோப்.

பெரிய ஸ்கோப் ஏன் கூடாது என்று அவருக்குச் சொன்னது நினைவிருக்கிறது. உதைக்கும்போது துப்பாக்கி பின்னால் வருகிறது. மேலே உட்கார்ந்திருக்கும் ஸ்கோப்போ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. அதைப் பிடித்து இழுத்து வருவது அரிசி அளவு நான்கு ஸ்க்ரூ. பஸ் சட்டென்று கிளம்பும்போது கம்பியைப் பிடித்து நிற்கிறவன் கை மாதிரி. ஆள் கனமாக இருந்தால் கை நழுவும். அதனால் ஸ்கோப் இலேசாக இருக்க வேண்டும். இன்னொன்று, கண்ணுக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவே நாலு விரலாவது இடம் விட்டும் படம் முழுதாகத் தெரிய வேண்டும். இல்லையென்றால் உதையில் விளிம்பு வந்து புருவத்தைக் கிழிக்கும். அப்படிக் கிழிந்த நெற்றியோடு வருகிறவர்களை மாதம் ஒருவராவது கடையில் பார்க்கிறேன்.

"அப்ப எனக்குச் சின்னதுதாங்களா?"

"நூறு கஜத்துல பன்னி அடிக்கறதுக்கு, அது மூக்கு மயிரெல்லாம் எண்ண வேண்டியதில்லீங்க மச்சான்."

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். பெரியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நான் காட்டிய சின்ன ஸ்கோப்பை வாங்கினார். நேர்க் குழல். குறைந்த உருப்பெருக்கம். கையில் எடுத்தால் டார்ச் லைட் கனம்.

மாட்டிய நாள் நல்ல வெயில் காலம். அவர் லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். லேத்தில் இருந்த பழக்கத்தில் என் கை எந்த ஸ்க்ரூவுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடத்தான் போகும். இந்த வேலையில் அது நேர் எதிர். துளைகளையும் ஸ்க்ரூக்களையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, எண்ணெய் வாசனை கூட இல்லாமல் காய வைத்து, ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் நீலப் பசை ஒரு துளி தொட்டு, முறுக்கு அளவு காட்டும் ஸ்க்ரூ டிரைவரால் ஒரே அளவில் இறுக்க வேண்டும். அடித்தட்டை அப்படி இறுக்கி, அதன்மேல் வளையங்களை வைத்து, ஸ்கோப்பைப் படுக்க வைத்தேன். சுடுவதற்கு முன் பின்னால் இழுக்க வேண்டிய துப்பாக்கிச் சுத்தியல் ஸ்கோப்புக்கு அடியில் மறைந்துவிடுவதால் கட்டைவிரல் எட்டுவதற்கு அதில் பக்கவாட்டில் ஒரு சின்ன நீட்டுத் துண்டு மாட்டினேன். எதிர்ச் சுவரில் ஒரு தூக்குக்குண்டு தொங்குகிறது. நான் கட்டியது. ஸ்கோப்பின் நேர்க்கோடு அந்த நூலோடு ஒட்டும்வரை திருப்பினேன்.

பிறகு அவரைக் கண்ணை மூடச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்து, கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் பதித்து, உடம்புக்கு எது சுகமோ அப்படி நின்ற பிறகுதான் கண்ணைத் திறக்க வேண்டும். திறந்ததும் படம் முழுவட்டமாகத் தெரிய வேண்டும். ஆள் ஸ்கோப்புக்காகக் கழுத்தை நீட்டக் கூடாது. ஸ்கோப்தான் ஆளைத் தேடி வர வேண்டும்.

"முழுசா தெரியுதுங்களா?"

"ஓரத்துல கருப்பா இருக்குது."

அரிசி அளவு பின்னால் நகர்த்தினேன்.

"இப்ப?"

"இப்ப பௌர்ணமி மாப்ள."

வளையம் முடியும் இடத்தில் குழலின் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன். கட்டையின் மேல் கன்னம் இன்னும் கொஞ்சம் உயர வேண்டியிருந்தது. நாடா கட்டும் தோல் உறை ஒன்றைக் கட்டி, உள்ளே ஒரு சுற்று கம்பளித் துணி வைத்தேன். அந்த வாரமே ரேஞ்சுக்குப் போனோம். நூறு கஜத்தில் மூன்று தோட்டாவும் ஒரு வாழைக்காய் சிப்ஸ் மூடும் அளவுக்குள் விழுந்தன. திரும்பும்போது காரில் தோளைத் தடவிக்கொண்டே வந்தார்.

ஆயுத பூஜைக்கு அந்தத் துப்பாக்கியும் எங்கள் வீட்டுக்கு வந்தது. என் ஸ்க்ரூ டிரைவர்களுக்கும் மனைவியின் மிக்சிக்கும் நடுவே அதைச் சாத்தி வைத்தோம். அவள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள்.

"அம்மணி, கண்ணாடியில வெச்சராத. பன்னியெல்லாம் பொட்டு வெச்ச மாதிரி தெரியும். அப்புறம் கும்பிடத்தான் தோணும்," என்றார் மச்சான்.

அவள் கட்டையில் ஒரு பொட்டு வைத்தாள். பூஜை முடிந்து மற்றவர்கள் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் என்னைக் கராஜுக்குக் கூப்பிட்டார்.

"மாப்ள, படம் சரியா வரமாட்டேங்குது. ஸ்கோப் நகந்துருச்சுன்னு நெனைக்கறேன்."

பார்த்தேன். வளையம் பென்சில் கோட்டின் மேலேயே இருந்தது. ஸ்க்ரூ ஒன்றும் அசையவில்லை. "வெச்சுக் காட்டுங்க மச்சான்," என்றேன். கண்ணை மூடி, தோளில் வைத்து, கன்னத்தைப் பதித்தார். நான் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். கன்னத்துக்கும் தோல் உறைக்கும் நடுவே என் சுண்டு விரல் போகும் இடம் இருந்தது. கன்னம் உள்ளே போயிருந்தது. கழுத்தும் முன்போல முன்னால் வரவில்லை.

உறையைப் பிரித்து இன்னும் இரண்டு சுற்று துணி வைத்துக் கட்டினேன். வளையத்தைத் தளர்த்தி ஸ்கோப்பை அவர் பக்கமாக நகர்த்தினேன். இரண்டாவது கோடு போட்டேன். முதல் கோட்டுக்கும் அதற்கும் அரை விரல்.

"கேக்க மாட்டீங்களா மாப்ள?" என்றார்.

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நின்றேன்.

"கல்லீரல்ல இருக்குதுங்க. எலும்புக்கும் போயிருச்சு. கீமோ ஆரம்பிச்சாச்சு. உங்கக்காளுக்கு மட்டுந்தான் தெரியும்." உங்கக்காள் என்றது அவர் மனைவியை. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "தங்கச்சிக்கு இப்பத் தெரிய வேண்டாம். தீபாவளி போகட்டும். சொல்லிராதீங்க."

"இல்லீங்க மச்சான்."

"உங்ககிட்ட சொன்னா சுவத்துகிட்ட சொன்ன மாதிரி. அதுனாலதான் சொல்றேன்." சிரித்தார். பிறகு துப்பாக்கியைத் தடவிக்கொண்டே, "வீட்ல படியிறங்கினா கையைப் பிடிக்கறாங்க. ஆபீஸ்ல நான் உள்ள போனா சத்தத்தைக் கொறைக்கறாங்க. எல்லாரும் முட்டை மாதிரி எடுத்து வெக்கறாங்க மாப்ள. எனக்கு ஒண்ணே ஒண்ணு. இந்த ஸ்கோப் வெச்சு, ரேஞ்ச்ல இல்ல, காட்டுல, ஒரே ஒரு தடவை. முழு உதையோட. அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்," என்றார்.

"ரெடி பண்ணித் தர்றேனுங்க."

அதுதான் நான் கொடுத்த வாக்கு. முழு உதை என்று அவர் சொன்னதை நான் காதால் கேட்டேன். பிறகு மறந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

தீபாவளிக்கு அடுத்த நாள் தங்கையிடம் அவரே சொன்னார். அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் சமையலறையில் நின்றாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அண்ணன் டயட்ல இருக்குதுன்னு சொன்னீங்க. நானும் நம்பி, இளைச்சா நல்லா இருக்கீங்கண்ணான்னு அவருகிட்டயே சொன்னேன்."

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் மேசையில் இருக்கும். அந்த வாரம்தான் துப்பாக்கி என் மேசைக்கு மூன்றாம் முறை வந்தது. மச்சானுக்குத் தெரிந்தவர் ஒருவரின் பண்ணையில் காட்டுப் பன்றிகள் தொந்தரவு அதிகம். சனிக்கிழமை காலை போவது என்று முடிவாகியிருந்தது. அவர் கன்னம் இன்னும் இறங்கியிருந்தது. மூன்றாவது கோடு போட்டேன். உறைக்குள் இப்போது ஆறு சுற்று துணி. ஒரு குழந்தைக்குத் தலையணை வைத்த மாதிரி இருந்தது.

அக்கா போன் செய்தார்.

"எலும்பு ரொம்ப வீக்கா இருக்குதுன்னு டாக்டர் சொல்றாரு தம்பி. அந்தத் துப்பாக்கி உதைச்சா தோள்பட்டை ஒடைஞ்சாலும் ஒடைஞ்சிருமாம். நான் வேண்டாம்னா அவரு கேக்க மாட்டாரு. நீங்க சொன்னாலாச்சும் கேப்பாரு."

"சரிங்கக்கா."

நான் சொல்லியிருக்க வேண்டும். மச்சான், முழுத் தோட்டா இனி உங்களுக்கு ஆகாது, மென்மையானது போடலாமா என்று கேட்டிருக்க வேண்டும். அவர் ஆகட்டும் என்றிருக்கலாம். எலும்பு என்னுது, போடுங்க என்றிருக்கலாம். இரண்டில் எதுவானாலும் அது அவருடைய பேச்சாக இருந்திருக்கும். ஆனால் அவரிடம் முகத்துக்கு நேரே அப்படி ஒன்றைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்குக் கை மட்டும்தான் வரும். அதனால் கையால் செய்தேன்.

எங்கள் கடையில் அதே அளவில் மென்மையான தோட்டா உண்டு. பழைய காலத்து கௌபாய்கள் போல உடை போட்டுக்கொண்டு போட்டிக்குச் சுடுகிறவர்கள் வாங்குவது. மருந்து பாதிதான். உதை, கதவு இலேசாக மோதுவது போல. ஆனால் அந்தக் குண்டு மெதுவாகப் போவதால் நூறு கஜத்தில் நன்றாகக் கீழே இறங்கிவிடும். வெள்ளிக்கிழமை மதியம் முதலாளியிடம் சொல்லிவிட்டு ரேஞ்சுக்கு எடுத்துப் போனேன். மென்மையான தோட்டாக்களை ஒவ்வொன்றாகச் சுட்டு, ஸ்கோப்பின் மேல் திருகை ஒவ்வொரு கிளிக்காக உயர்த்தி, குறி நடுவில் விழும்வரை சரி செய்தேன். துப்பாக்கியின் குழலைச் சுத்தம் செய்து, துடைத்து, அதன் பையில் போட்டேன். நான் செய்த வேலைகளிலேயே ஒழுங்கான வேலை அது. பொய்யையும் அளவு பார்த்துத்தான் செய்தேன்.

பழைய முழுத் தோட்டா ஆறை என் ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை. அவர் கண்டுபிடித்துக் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருப்பேன்.

பண்ணையில் தரையிலேயே பலகை அடித்த, வேட்டைக்கு மறைந்து உட்காரும் ஒரு சின்னக் கூண்டு. உள்ளே இரண்டு மடக்கு நாற்காலி. விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. குளிருக்கு அவர் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தும் நாற்காலியில் பாதிதான் நிறைந்தார். கீமோவில் விரல் நுனி மரத்துப் போனதால் பக்கவாட்டு மூடியை அழுத்தித் தோட்டா நுழைப்பது அவருக்கு முடியாது. நான் வாங்கி நிரப்பினேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி உட்கார்ந்து நிரப்பினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"பழசுதானுங்களா மாப்ள? நம்ம பெரிய தோட்டா?"

"ஆமாங்க மச்சான்."

பன்றிகள் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. புதர் ஓரமாக ஐந்தாறு வந்தன. அவர் துப்பாக்கியைச் சன்னல் பலகையில் வைத்தார். கண்ணை மூடினார். கன்னத்தைப் பதித்தார். கண்ணைத் திறந்தார். நான் சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்தார்.

"முழுசா தெரியுதுங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பௌர்ணமி," என்றார்.

உதையை வாங்கத் தோளை முன்னால் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. அப்படி அவர் தயாரானதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். சுட்டார். பெரிய பன்றி நின்ற இடத்திலேயே சாய்ந்தது. மற்றவை ஓடின.

அவர் அசையவில்லை. மாடிப்படியில் இன்னொரு படி இருக்கிறது என்று காலை வைத்து, அங்கே படி இல்லாமல் போனவர் மாதிரி இருந்தது முகம். முன்னால் கொடுத்த தோள் அங்கேயே நின்றது. பிறகு மெதுவாக லீவரைத் தள்ளினார். பித்தளைக் கூடு பலகையில் விழுந்து உருண்டது. நான் எடுக்கக் குனிவதற்குள் அவரே குனிந்துவிட்டார். குனிந்து எழ அவருக்கு நேரம் பிடித்தது. ஆனால் எடுத்துவிட்டார்.

முழு மருந்துத் தோட்டா வெடிக்கும்போது கூடு உப்பி, துப்பாக்கிக்குள் அது உட்காரும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். புகை பின்னால் வராது. கூடு சுத்தமாக வெளியே வரும். மருந்து பாதியானால் கூடு ஒட்டாது. பக்கமெல்லாம் கரி படிந்துதான் வரும். இது எனக்குத் தெரியும். அவர் இன்ஜினியர். பத்து வருடமாக அதே துப்பாக்கியைச் சுட்டவர்.

கட்டைவிரலால் அந்தக் கூட்டை ஒரு முறை தடவினார். விரலைப் பார்த்தார். பேண்ட்டில் துடைத்துக்கொண்டார்.

என் ஜாக்கெட் பையில் ஆறு தோட்டாவும் கையில் தட்டுப்பட்டன. எடுத்துக் கொடுத்திருக்கலாம். தப்புப் பண்ணிட்டேனுங்க மச்சான் என்று சொல்லியிருக்கலாம். பன்றிகள் போய்விட்டால் என்ன, மரத்தில் சுட்டிருப்பார். என் விரல்கள் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணின. வெளியே வரவில்லை.

"குறி நல்லா வெச்சிருக்கீங்க மாப்ள," என்றார். "முடி அளவு பிசகல."

கூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வேறு யாராக இருந்தாலும் திட்டியிருப்பார். அவர் கோபக்காரர். ஆபீஸில் அவர் சத்தம் போட்டால் மாடி வரை கேட்கும் என்று அக்கா சொல்வார். ஒரு வார்த்தை, என்னய்யா இது, நீயுமா என்று கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன். அத்தோடு போயிருக்கும். ஆனால் நான் தங்கை புருஷன். மாப்பிள்ளையை முகம் வாட வைக்கக் கூடாது. என்னைத் தலை நிமிர வைத்திருந்த அதே மரியாதை அன்றைக்கு எங்கள் இருவர் வாயையும் அடைத்தது. திரும்பி வரும்போது காரில் பெட்ரோல் பங்க் ஒன்றில் நிறுத்தி எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். தோளைத் தடவவில்லை.

டிசம்பரில் அவர் வீட்டு ஹாலில் ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டார்கள். ஞாயிறுதோறும் போனோம். எனக்கும் மனைவிக்கும் அதற்குள் பேச்சு வந்திருந்தது. நாங்கள் உள்ளே நுழைந்ததும், குரல் எவ்வளவு சின்னதானாலும், "மாப்ளைக்கு நாற்காலி போடுங்க," என்பார். ஒரு ஞாயிறு அவளும் அக்காவும் உள்ளே போயிருந்தார்கள். நானும் அவரும் மட்டும். நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டேன். பேச ஆரம்பித்தேன்.

"மச்சான், அன்னைக்குப் பண்ணையில... அந்தத் தோட்டா..."

அவர் கட்டிலில் இருந்து கையைக் கொஞ்சம் தூக்கினார்.

"டீ ஆறிருமுங்க மாப்ள. குடிங்க முதல்ல."

குடித்தேன். என்னை அதற்கு மேல் பேச விடவில்லை. நான் சின்னவனாகிப் போவதைப் பார்க்க அவருக்கு இஷ்டமில்லை. மன்னிப்பு என்று அதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. கதவைச் சாத்தினது என்றும் சொல்ல முடியவில்லை. டீயில் சர்க்கரை அதிகம் என்பது நினைவிருக்கிறது.

பொங்கலுக்கு முன்னால் போய்விட்டார்.

இங்கே சடலத்தைக் குளிப்பாட்டுவது அடக்கக் கம்பெனியின் ஓடு பதித்த அறையில். வெந்நீர்க் குழாய் இருக்கிறது. ஆண்கள் மூன்று பேர் உள்ளே போனோம். மற்ற இருவரும் கால் பக்கம் நின்றார்கள். நான் தலைமாட்டில் நின்று தோளில் தண்ணீர் ஊற்றினேன். வலது தோள். அங்கே ஒன்றுமில்லை. பழைய கன்றலின் மஞ்சள் கூட இல்லை. வெளுத்த தோலும் அதற்கடியில் எலும்பும்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் எவ்வளவு பெரிய அடி பட்டிருந்தாலும் அது இந்நேரம் மறைந்துதான் போயிருக்கும். எனக்குத் தெரியும். தெரிந்தும் தேடினேன். அந்த இடத்தில் மட்டும் திரும்பத் திரும்பத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்ததால், "போதுங்க," என்று பக்கத்தில் இருந்தவர் சொம்பை வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரியில் அக்கா துப்பாக்கியை எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தார். மச்சான் எழுதியெல்லாம் வைக்கவில்லை. வாயால் சொல்லியிருந்தாராம், அது மாப்பிள்ளைக்கு என்று.

கராஜில் மேசை மேல் வைத்துப் பார்த்தேன். ஸ்கோப் குழலில் என் மூன்று கோடுகளும் இருந்தன. கட்டையைத் தோளில் வைத்துக் கண்ணைத் திறந்தால் எனக்குப் படம் வரவில்லை. ஓரமெல்லாம் கருப்பு. உறையின் ஆறு சுற்றுத் துணி என் கன்னத்தைத் தள்ளியது. என் அளவுக்கு நகர்த்த ஐந்து நிமிட வேலை. செய்யவில்லை.

துப்பாக்கிப் பையின் பக்கவாட்டு ஜிப்பில் ஏதோ கனமாக இருந்தது. திறந்தேன். அன்றைய பித்தளைக் கூடு. பண்ணையில் அவர் சுட்டது ஒன்றே ஒன்றுதான், அதனால் எது என்று சந்தேகமில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கரி இல்லை. வாய் விளிம்பு வரை, அடிப்பள்ளம் வரை, புதுக் குத்துவிளக்கு மாதிரி மினுங்கியது.

பித்தளையில் படிந்த மருந்துக் கரி துணியால் துடைத்தால் போகாது. புளியோ வினிகரோ போட்டு ஊற வைத்து, விரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். எனக்கே ஒரு கூட்டுக்குக் கால் மணி நேரம் ஆகும். சட்டைப் பொத்தானைப் போட முடியாத அந்த விரல்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. பின்னால் யாராவது பையைத் திறந்து அதைப் பார்த்தால், துப்பாக்கி தெரிந்தவர் யாராவது பார்த்தால், மாப்பிள்ளை என்ன செய்தான் என்று அதில் எழுதி வைத்த மாதிரி இருந்திருக்கும். அது இருக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார்.

மனைவி கராஜ் கதவைத் திறந்து, "என்னங்க அது?" என்றாள்.

"அண்ணன் சுட்ட தோட்டா," என்றேன்.

அவள் கையில் வாங்கிப் பார்த்தாள். "எவ்வளவு சுத்தமா வெச்சிருக்குது பாருங்க," என்று சொல்லிவிட்டுத் திருப்பித் தந்தாள். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.